மூலம்: இணையம்

ஏழு நிமிடம் தந்திருந்தார்கள்.
பீலியடியிலிருந்து எங்கள் லயத்துக்கு
குடத்தோடு ஏறினால் ஏழு நிமிடம்.
ஆகவே ஏறும்போதே பேசிப் பழகினேன்,
தண்ணீர் தளும்பாத அளவுக்குக் குரல்.

வணக்கம் சொல்வது பீலி வாயில்.
வரைவிலக்கணம், சவுக்கு மரம் வரை.
மண்சரிவின் காரணங்கள் நான்கையும்
கோயில் படிகளில் முடித்துவிட வேண்டும்.
மூச்சு முட்டிய இடங்களில் முற்றுப்புள்ளி வைத்தேன்.
நீளமான வாக்கியம் மேட்டில் ஏறாது.
‘அதனடிப்படையில்’ முதல் நாளே போனது,
‘மேற்கூறப்பட்டவாறு’ பாசியில் வழுக்கி விழுந்தது.
மிஞ்சியவை
தண்ணீர், மண், சாய்வு, வேர்.

குறிப்பட்டைகள் பதினொன்று.
பழைய கலண்டர் தாளை வெட்டியது.
ஒரு பக்கம் என் எழுத்து,
மறுபக்கம் போன வருடத்தின் நல்ல நேரம்.
ஐந்தாம் அட்டைக்கு ராகுகாலம் வாய்த்தது.

ஐந்தாவது படம்:
விரிசல் விட்ட ஒரு சுவர்.
நான்தான் எடுத்தேன், போனில்.
ஆணியில் தொங்கிய தம்பியின் பள்ளிச் சட்டையை
வெட்டி நீக்கினேன்.
கீழே தெரிந்த போர்வை நுனியையும்.
பிறகு சின்ன எழுத்தில் தட்டினேன்,
மூலம்: இணையம்.

ஹட்டனில் வகுப்பறைத் தரை மட்டமாக இருந்தது.
அதை நான் யோசிக்கவே இல்லை.
ஏற்றம் இல்லை, குடம் இல்லை, எங்கேயும் மூச்சு முட்டவில்லை.
சவுக்கு மரம் தெரியாமலே போயிற்று.
கோயில் படிகளை மும்மூன்றாகத் தாண்டி
நாலே நிமிடத்தில் லயத்து வாசலில் நின்றேன்.
நேரம் பார்த்த ரிஸ்மியா
கையிலிருந்த மணியைப் பார்த்தாள்,
பிறகு என்னை.
மூன்று நிமிடம் முழுசாகக் கிடந்தது,
ஆள் ஏறாத கடைசி பஸ் மாதிரி.

கேள்விகள் உண்டா என்றேன்.
வரக்கூடியவற்றுக்குப் பதில்கள் மனப்பாடம்:
மழைவீழ்ச்சி மில்லிமீற்றரில்,
சாய்வு பாகையில்.

பின்வரிசையில் நிரோஷாந்த் எழும்பினான்.
“அந்த அஞ்சாவது படத்துல
விரிசல் மேல அகலமா, கீழ அகலமா?”

“கீழ,” என்றது வாய்,
அட்டையைக் கேட்காமல்.

“கீழ்ப்பக்கம் படத்துல தெரியலயே?”

“தெரியாது.
அங்க எங்க கட்டில் இருக்கு.”

புரொஜெக்டரின் காற்றாடிச் சத்தம்
அப்போதுதான் காதில் விழுந்தது.
அட்டைகளை மேசையில் வைத்தேனா, விழுந்தனவா,
நினைவில்லை.
அதுவரை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்த கை
தானே உயர்ந்து அளவு காட்டியது:
சித்திரையில் பத்து ரூபாய்க் குத்தி நுழைந்தது,
இப்போது சுண்டுவிரல்.
சொன்னேன்: மழை பெய்யும்போது தூங்கிவிடுவோம்,
விட்ட பிறகுதான் முழித்திருப்போம்.
பிறப்புச் சான்றிதழ்கள் ஒரு பையில்,
பை கதவுக் கொண்டியில்.
கதவோரம் யார் படுப்பது என்பதில்
எனக்கும் தம்பிக்கும் சண்டை.
யாரோ சிரித்தார்கள். நானும்.
காரணங்கள் நான்கும்
இம்முறை வரிசை மாறி வந்தன,
மூச்சு வேண்டிய இடத்தில் மூச்சு.

ரிஸ்மியா மணியடிக்கவில்லை.
மறந்துவிட்டேன் என்றாள் பிறகு.

புள்ளித்தாள் மத்தியானம் வந்தது.
குரல், எட்டு.
பார்வை, ஐந்து. பாதி நேரம் சன்னலைப் பார்த்தேனாம்.
நேரம், மூன்று. இரண்டு நிமிடம் கூட.
மூலங்கள் என்ற கட்டத்தில்
ஓர் எண் எழுதி அடித்து,
பக்கத்தில் இன்னொன்று எழுதி அதையும் அடித்து,
சிவப்பு மையில் ஒரு புள்ளி மட்டும்,
பேனா அங்கேயே நின்று யோசித்த மாதிரி.

நாலரை பஸ்ஸில் கண்ணாடியெல்லாம் புகார்.
முன் இருக்கையிலிருந்து நிரோஷாந்த்
திரும்பாமலே சொன்னான்,
“எங்க வீட்டுல மேல்பக்கம்.”

டிக்கோயா வரும்வரை
வேறொன்றும் பேசவில்லை.